பிணைத்தலும் சிதைத்தலும்: செங்கல்பட்டு வட்டாரத் தீவன வழியில் பூஞ்சை நஞ்சும் பாக்டீரியாவும்

ஆய்வுச்சுருக்கம்

உணவிலும் தீவனத்திலும் பூஞ்சைகள் விட்டுச்செல்லும் நஞ்சைப் பாக்டீரியாவைக் கொண்டு போக்கும் முறைகள் தமிழ் அறிவியல் எழுத்தில் பெரும்பாலும் ‘நச்சுநீக்கம்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. அச்சொல்லுக்குள் பிணைத்தல், சிதைத்தல் என்னும் வேறுபட்ட இரு வினைகள் அடங்கியுள்ளன. செங்கல்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் நிலக்கடலை, புண்ணாக்கு, பால், இறால் தீவனம் என அந்நஞ்சு செல்லக்கூடிய வழியை முன்வைத்து, அவ்விரு வினைகளின் வேறுபாட்டையும் அதனால் நேரும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பூஞ்சை நஞ்சு, அஃப்லாடாக்சின், லாக்டிக் அமில பாக்டீரியா, புண்ணாக்கு, பிணைத்தல், சிதைத்தல், அறிவியல் தமிழ்.

முன்னுரை

2018ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைத் திரட்டி ஆய்ந்தது. அவற்றுள் உடலுக்கு ஊறு செய்யும் கலப்படம் காணப்பட்டவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில், அதாவது 5.7 விழுக்காட்டில், அஃப்லாடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சு வரம்பைக் கடந்திருந்தது. 2019 அக்டோபரில் வெளியான அம்முடிவுகளில் வரம்பு மீறிய மாதிரிகளின் எண்ணிக்கையில் முதலில் நின்றது தமிழ்நாடு. இங்கு எடுக்கப்பெற்ற 551 மாதிரிகளில் 88 அத்தகையவை. தில்லியில் 262க்கு 38, கேரளத்தில் 187க்கு 37. விழுக்காட்டால் ஒப்பிடின் கேரளம் முந்தும் என்பதையும் உடன் சொல்லவேண்டும். எனினும் தமிழ்நாட்டின் பங்கு ஆறில் ஒன்றை நெருங்குவது ஆறுதலுக்குரிய செய்தி அன்று.

பாலில் நீர் கலப்பதைப் பற்றித் தமிழர் காலங்காலமாக ஐயுற்று வந்துள்ளனர். இந்த நஞ்சோ கறந்தபின் எவரும் கலப்பதன்று. மாடு தின்ற தீவனத்திலிருந்து மாட்டின் கல்லீரல் வழியாக மடிக்கு வருவது. ஆகவே இதன் தீர்வைப் பால்குடத்தில் தேடிப் பயனில்லை. தீவனத் தொட்டியிலும் அதற்கு முன்பு களத்திலும் தேடவேண்டும். அத்தேடலில் அறுபதாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் ஒரு வழி, பாக்டீரியாவைக் கொண்டு நஞ்சைப் போக்குதல்.

சொல்லாட்சி குறித்துச் சில

ஈரம் பட்ட பண்டத்தில் படரும் உயிரியைப் பூசணம், பூஞ்சணம், பூஞ்சை, பூஞ்சைக்காளான் எனப் பலவாறு வழங்குவர். ‘பூசணம் பூத்தது’ என்பது வீட்டு வழக்கு. ‘பூஞ்சை உடம்பு’ என்னும்போது அதே வடிவம் வலுவின்மையைக் குறிக்கிறது. இக்கட்டுரை பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட ‘பூஞ்சை’ என்பதையே கொள்கிறது. நஞ்சு என்பது தொகைநிலையில் நச்சு எனத் திரிதல், மென்றொடர்க் குற்றியலுகரம் வன்றொடராகும் இயல்பான புணர்ச்சியே; மருந்து மருத்துப்பை ஆவதும் இரும்பு இருப்புப்பாதை ஆவதும் போன்றது. எனவே பூஞ்சை நஞ்சு, பூஞ்சை நச்சுப்பொருள் ஆகிய இரண்டும் ஒன்றே.

இடர் தருவது ‘நுண்ணுயிரி’ என்னும் சொல். பாக்டீரியாவுக்குத் தமிழாக்கமாக அதனை ஆள்வோர் பலர். பூஞ்சையும் நுண்ணுயிரியே ஆதலின், ‘நுண்ணுயிரியால் பூஞ்சை நஞ்சை நீக்குதல்’ என்னும் தொடரில் நஞ்சை ஆக்கியது எது, அழித்தது எது என்பது மயங்கும். நஞ்சிலாப் பூஞ்சையை வயலில் தூவி நஞ்சுடைப் பூஞ்சையை ஒடுக்கும் முறையும் நடப்பில் இருப்பதால் இம்மயக்கம் வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. ஆதலால் இங்குப் பாக்டீரியா என்னும் கடன்சொல்லே ஆளப்படுகிறது.

அஃப்லாடாக்சின் என்னும் பெயரும் ஒரு தொகைச்சொல். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கு அவற்றின் தீவனத்தில் இருந்தது. அதில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையின் முதற்பெயரின் ‘அ’வும், அடைப்பெயரின் ‘ஃப்லா’வும், நஞ்சைக் குறிக்கும் ‘டாக்சின்’ என்பதும் கூடி அப்பெயர் உருவானது. புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்வன பி வகை. பச்சையாக ஒளிர்வன ஜி வகை. பி1 உட்கொண்ட பசுவின் பாலில் மாற்றுருவாக வெளிப்படுவது எம்1. இவற்றுள் பி1 கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி செய்யப்பட்ட ஒன்று.

இந்தியாவும் இந்நஞ்சின் கொடுமையை நேரில் கண்டுள்ளது. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். இறப்பு அவ்வாறு திரளாக நேரும்போதுதான் இந்நஞ்சு கண்ணுக்குத் தெரிகிறது. சிற்றளவில் நாள்தோறும் உடலில் சேரும்போது தெரிவதில்லை.

களத்திலிருந்து செக்குக்கு

மதுராந்தகம், செய்யூர்ப் பக்கங்களில் ஏரிப்பாசனம் எட்டாத மணற்பாங்கான மேட்டுநிலங்கள் நிலக்கடலைக்கு ஏற்றவை. தெற்கே அடுத்த மாவட்டத்தில் உள்ள திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரையே டி.எம்.வி. என்னும் முன்னொட்டாகத் தாங்கிய கடலை வகைகள் இவ்வட்டாரமெங்கும் அறியப்பட்டவை. ஆனி, ஆடியில் விதைக்கும் மானாவாரிக் கடலை புரட்டாசி, ஐப்பசியில் பறிப்புக்கு வரும். காய் முற்றும் பருவத்தில் மண் காய்ந்தால் தோட்டில் வெடிப்பு விழுந்து மண்ணிலுள்ள பூஞ்சை உள்ளே புகும். செடியைப் பிடுங்கிக் காய் ஆய்ந்து களத்தில் பரப்பும் வேளையிலோ வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. முன்னே வறட்சி, பின்னே ஈரம் என்னும் இவ்வரிசை அஸ்பெர்ஜில்லசுக்கு மிகவும் உகந்தது. காயின் ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் பூஞ்சை வளர்ச்சி நிற்கும். கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு உள்ளே ஓசையிடவேண்டும் என்பது உழவர் அறிந்த அளவுகோல்.

அடுத்து நிகழ்வது பலரும் கருதாத ஒன்று. உடைத்த பருப்பைத் தரம்பிரிக்கையில் கழிக்கப்படும் சூம்பலும் சொத்தையும் நிறம் மாறியனவும் எறியப்படுவதில்லை. எண்ணெய் ஆட்டப் போகின்றன. பூஞ்சை மிகுதியாகப் பற்றுவது அவற்றையே. ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு செல்லாமல் புண்ணாக்கில் தங்குகிறது. மனிதர் கழித்த பருப்பின் நஞ்சு, எண்ணெய் நீங்கியதால் எடை குறைந்த பண்டத்தில் செறிவுற்று மாட்டுத்தொட்டிக்குச் சேர்கிறது.

பசுவின் உடலில் ஒரு கணக்கு

காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை உணவியல் நிறுவனம் அமைந்துள்ளது. கால்நடைத் தீவனத்தைத் தனித்துறையாகப் பயிலும் நிறுவனம் ஒன்று இம்மாவட்டத்திலேயே இருப்பது கருதத்தக்கது. அத்துறையினர் நன்கறிந்த கணக்கு ஒன்றை இங்கு எளிமையாக்கிச் சொல்லலாம்.

பசு உட்கொள்ளும் பி1 நஞ்சில் ஏறத்தாழ 1 முதல் 3 விழுக்காடு எம்1 ஆகப் பாலில் வெளிப்படும். மிகுதியாகக் கறக்கும் பசுக்களில் அது 6 விழுக்காடு வரை உயரலாம். நாளொன்றுக்கு 5 கிலோ அடர்தீவனம் தின்று 10 லிட்டர் கறக்கும் பசுவைக் கொள்வோம். தீவனத்தில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பி1 இருப்பின் பசு உட்கொள்வது 500 மைக்ரோகிராம். அதில் 2 விழுக்காடு 10 மைக்ரோகிராம். பால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். இந்திய வரம்பான 0.5க்கு இது இருமடங்கு. இந்தியத் தர நிர்ணயம் மாட்டுத்தீவனத்துக்கு விதிக்கும் 20 மைக்ரோகிராம் வரம்புக்குள் தீவனம் நின்றால், அதே கணக்குப்படி பாலில் 0.2 மைக்ரோகிராம் வரும். அது இந்தியாவில் ஏற்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 0.05 என்னும் வரம்புக்கு நான்கு மடங்கு.

இக்கணக்கில் நம்பிக்கை தரும் கூறு ஒன்றுண்டு. நஞ்சுள்ள தீவனத்தை நிறுத்தினால் சில நாள்களிலேயே பால் தெளிந்துவிடும். நிறுத்த இயலாத நிலையில்தான் பாக்டீரியாவின் உதவி வேண்டப்படுகிறது.

காய்ச்சினால் போகாத நஞ்சு

பாலைக் காய்ச்சிக் குடிப்பதால் கேடில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மாமல்லபுரக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நச்சுமுறி மருந்துக்காகப் பாம்பின் நஞ்சை எடுத்து வழங்கி வருகிறது. அந்த நஞ்சும் இந்த நஞ்சும் தமிழில் ஒரே சொல். பொருளால் முற்றிலும் வேறு. பாம்பின் நஞ்சு பெரும்பாலும் புரதம். கடும்வெப்பம் அதன் வடிவைக் குலைத்துவிடும். குதிரையின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தினால் உடல் அதனை அயற்பொருளென உணர்ந்து எதிர்ப்பொருளை ஆக்கும். அஃப்லாடாக்சினோ 312 மூலக்கூறு நிறையுடைய மிகச்சிறு பொருள். சமையல் வெப்பத்தில் எளிதில் சிதையாது. பாலைக் காய்ச்சுவதும் பாஸ்டர் முறையில் சூடாக்குவதும் அதனை ஒன்றும் செய்வதில்லை. அதனை உண்டவர்க்கு முறிமருந்தும் இல்லை.

பிணைத்தல்

1998இல் பின்லாந்தின் குவோபியோ நகர ஆய்வாளர்கள் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்னும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் இரு வகைகள், நீர்மத்தில் கரைந்த பி1இல் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அகற்றுவதைக் காட்டினர். வியப்புக்குரியது அடுத்த செய்தி. வெப்பத்தாலோ அமிலத்தாலோ கொன்ற பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்தது. உயிரற்ற உடல் எதனையும் செரித்திருக்க முடியாது. ஆகவே நடந்தது செரிமானம் அன்று, ஒட்டுதல். பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கனும் பல்சர்க்கரைகளும் நஞ்சின் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. நீரிலோ கரைப்பானிலோ கழுவினால் அவற்றுள் ஒரு பகுதி மீண்டும் விடுபடுகிறது.

நஞ்சு இங்கு அழியவில்லை, இடம் மாறியது. அவ்விடமாற்றம் பயன்படும் சூழல் ஒன்றே ஒன்று: குடல். பிணைந்த நஞ்சு குடற்சுவரைக் கடவாமல் சாணத்தோடு வெளியேறினால் பாலும் கல்லீரலும் தப்பும். மனிதரிலும் இதற்குச் சான்றுண்டு. தென்சீனத்தின் குவாங்சோவில் 90 இளைஞர்களைக் கொண்டு நடத்திய, 2006இல் வெளியான ஆய்வில், இத்தகைய பாக்டீரியாவை உட்கொண்டோரின் சிறுநீரில் நஞ்சால் நேரும் மரபணுச் சேதத்தின் அடையாளப்பொருள் ஐந்தாம் வாரத்தில் 55 விழுக்காடு குறைந்தது.

குடலுக்கு வெளியே நிகழும் பிணைத்தலை அவ்வாறு மெச்ச இயலாது. புளித்த மாவிலும் தயிரிலும் லாக்டிக் அமில பாக்டீரியா செறிந்திருப்பதைக் கொண்டு, நம் மரபுணவு தானாகவே பூஞ்சை நஞ்சை நீக்கிவிடுகிறது என்று எழுதுவோர் உளர். பிணைந்த நஞ்சும் அதே தயிரில்தான் உள்ளது. தயிரை உண்பவர் இரண்டையும் உண்கிறார். உண்டபின் எவ்வளவு பிணைந்தே நிற்கும், எவ்வளவு அவிழும் என்பது பாக்டீரியாவின் வகையையும் குடலின் நிலையையும் பொறுத்தது. மேலும் எம்1 பாலின் கேசீன் புரதத்தோடு சேரும் இயல்பினது. பாலைத் திரித்துக் கட்டியாக்கினால், எடைக்கு எடை பாலினும் கட்டியில் நஞ்சு மிகும். மரபின் பெருமையை நிறுவ ஆய்வுக்கூட எண் ஒன்றைத் துணைக்கழைப்பது எளிது. அந்த எண் எதனை அளந்தது என்று கேட்பது ஆய்வாளர் கடமை. நீர்மத்தில் எஞ்சிய நஞ்சை மட்டும் அளக்கும் சோதனையில் பிணைந்ததும் சிதைந்ததும் ஒருங்கே ‘நீங்கியது’ என்று பதிவாகும்.

கோழிப்பண்ணைகளிலும் தீவனக் கடைகளிலும் விற்கும் ஒரு பொருளை வணிகர் ‘டாக்சின் பைண்டர்’ என்றே கேட்டு வாங்குகின்றனர். களிமண், ஈஸ்ட் செல்சுவர் முதலியவற்றாலான பிணைப்பிகள் அவை. அச்சொல் செய்யும் வேலையை உள்ளவாறே சொல்கிறது. துல்லியத்தில் அது ‘நச்சுநீக்கி’ என்னும் தமிழாக்கத்தை விஞ்சி நிற்பதை ஒப்பத்தான் வேண்டும். ‘நஞ்சுப்பிணைப்பி’ எனின் குறை தீரும்.

சிதைத்தல்

சிதைத்தலின் வரலாறு பிணைத்தலினும் பழையது. 1966இல் அமெரிக்காவின் பியோரியா நகர வேளாண் ஆய்வுக்கூடத்தில் சீக்லரும் உடனாய்வாளரும் ஏறத்தாழ ஆயிரம் நுண்ணுயிரிகளைச் சோதித்தனர். பி1ஐ மீளாவகையில் அகற்றிய பாக்டீரியா ஒன்றே ஒன்று தேறியது. ஃபிளேவோபாக்டீரியம் ஆரண்டியாகம் என்று அன்று பெயர் பெற்ற அது, பின்னர் நோகார்டியா இனத்துள் வைக்கப்பட்டது. எண்ணெயிலும் பாலிலும் அது நஞ்சைப் போக்கியது. ஆயினும் அதன் பெயரிலேயே உள்ள செம்மஞ்சள் நிறச் சாயம் உணவில் ஏறிவிடுவதால் உணவுத்தொழிலுக்கு உகவாமல் போயிற்று.

ஆயிரத்தில் ஒன்றைத் தேடும் உழைப்பைக் குறைத்தது நுட்பமான ஓர் எண்ணம். அஃப்லாடாக்சின் மூலக்கூற்றின் ஒரு பகுதி கூமரின் என்னும் எளிய பொருளின் வடிவை ஒத்தது. ஆகவே உணவாகக் கூமரின் மட்டுமே உள்ள ஊடகத்தில் எந்தப் பாக்டீரியா பிழைக்கிறதோ, அது அஃப்லாடாக்சினின் அப்பகுதியையும் உடைக்கக்கூடும். 2008இல் கனடாவில் இம்முறையால் விலங்குச் சாணம், மண் முதலியவற்றிலிருந்து பாக்டீரியாக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தபீர் என்னும் விலங்கின் சாணத்திலிருந்து கிடைத்த ஸ்டெனோட்ரோபோமோனாஸ் மால்டோபிலியா 72 மணிநேரத்தில் பி1இல் 82.5 விழுக்காட்டைக் குறைத்தது. அங்குள்ள லாக்டோன் வளையம் திறந்துவிட்டால் நஞ்சின் வீறு பெரிதும் குன்றும், ஒளிர்தலும் மறையும். இதிலும் ஒரு தடை உண்டு. அந்தப் பாக்டீரியா இனம் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைத் தாக்கவல்லது. அதனை உயிருடன் தீவனத்தில் தூவ இயலாது. அதன் நொதியைப் பிரித்தெடுத்தே ஆளவேண்டும்.

சிதைக்கும் பாக்டீரியா சந்தைக்கே வந்த வெற்றியும் உண்டு. அது வேறொரு நஞ்சைப் பற்றியது. குளிர்நாட்டுக் கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் ஃபியூசேரியம் பூஞ்சை ஆக்கும் டிஆக்சிநிவலினால் என்னும் நஞ்சைப் பன்றிகள் தாங்குவதில்லை; மாடுகள் பெரிதும் தாங்குகின்றன. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியா அந்நஞ்சின் எப்பாக்சைடு வளையத்தைப் பிரித்துவிடுவதே காரணம். அவ்விரைப்பை நீரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவைப் பன்றித் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் ஒப்புதல் தந்தது. மாட்டின் வயிற்றுக்குள் இருந்த காப்பைப் பன்றிக்குக் கடன்கொடுத்தது போன்றது அது. அதே இரைப்பை அஃப்லாடாக்சினைச் சிறிதளவே சிதைக்கிறது என்பது இவ்வட்டாரப் பசுக்களின் போகூழின்மை.

உலர்ந்த பண்டத்தின் சிக்கல்

ஆய்வுக்கூடத்தில் எல்லாம் நீர்மத்தில் நடக்கின்றன. புண்ணாக்கோ உலர்ந்த கட்டி. பூஞ்சை வளராதபடி உலர்த்திய பண்டத்தில் பாக்டீரியாவும் வேலை செய்யாது. ஈரமாக்கினால் பாக்டீரியா விழிக்கும், பூஞ்சையும் விழிக்கும். இம்முரணே களப்பயன்பாட்டின் பெருந்தடை. இதற்கு இரு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, புண்ணாக்கை ஊறவைத்துத் தேர்ந்த பேசில்லஸ் வகைகளால் புளிக்கச்செய்து மீண்டும் உலர்த்துதல். அதற்கு எரிபொருளும் களமும் காவலும் வேண்டும். மற்றது, உலர்பொடியாகக் கலந்த பாக்டீரியாவோ நொதியோ மாட்டின் வயிற்று ஈரத்தில் விழித்துச் செயல்படுதல். அங்கு நேரம் குறைவு. நஞ்சு குடற்சுவரைக் கடப்பதற்கு முன் வேலை முடியவேண்டும். புண்ணாக்கை இரவில் ஊறவைத்துக் காலையில் கரைத்து ஊற்றும் வீட்டு வழக்கம் முதல் வழியின் சாயலைக் கொண்டிருப்பினும், தேர்ந்த பாக்டீரியா இல்லாத ஊறல் சிதைத்தல் ஆகாது. சில மணிநேர ஊறல் நஞ்சைக் குறைக்கும் என்று கொள்ள இடமில்லை.

கடற்கரையில்

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கள நிலையம் உள்ளது. 1987இல் தொடங்கிய அந்நிறுவனம் இறால், கொடுவா முதலியவற்றுக்கான தீவனங்களை உருவாக்குவதில் அறியப்பட்டது. விலைமிக்க மீன்தூளுக்கு மாற்றாகச் சோயா, கடலை முதலியவற்றின் புண்ணாக்குகள் இறால் தீவனத்தில் இடம்பெறும்தோறும் நிலத்தின் பூஞ்சை நஞ்சு நீருக்கும் வழி காண்கிறது. இறாலின் கல்லீரலுக்கு ஒப்பான கணையக்கல்லீரலை அது தாக்குகிறது; வளர்ச்சி குன்றுகிறது. கடற்காற்றின் ஈரத்தில் மாதக்கணக்கில் அடுக்கிவைத்த தீவன மூட்டைகளில் பூஞ்சை புதிதாகவும் பற்றும்.

இங்குப் பிணைத்தலுக்கும் சிதைத்தலுக்கும் இடையிலான வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. மாட்டின் சாணத்தோடு வெளியேறும் பிணைந்த நஞ்சு எருக்குழிக்குச் செல்லும். இறாலின் கழிவோடு வெளியேறுவது அதே குளத்தின் அடிச்சேற்றில் தங்கும். இறாலோ அச்சேற்றைக் கிளறி மேய்வது. உவர்நீரில் அந்தப் பிணைப்பு எத்தனை நாள் அவிழாது நிற்கும் என்பதை, நன்னீரிலும் பன்றியின் குடலிலும் பெற்ற எண்களைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. உவர்நீர்க் குளத்தின் சேற்றையும் நீரையும் எடுத்து, பிணைந்த நஞ்சைக் கழுவிப் பார்க்கும் சோதனையை அங்கேயே செய்யவேண்டும்.